காவலரின் வெள்ளைச் சட்டை

அருங்காட்சியகக் காவலருக்கு நாள் முழுக்க ஒரே வசனம்தான்: "தொடாதீங்க." மற்ற நேரத்தில் அவருக்கும் சிலைகளுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அன்று அங்கே நடந்த வாண்டுகளின் ஓவிய வகுப்புக்கு ஆள் போதவில்லை என்று டீச்சர் அவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். தட்டுகளில் சாயம் ஊற்றித் தர வேண்டும். பிள்ளைகள் இரண்டு கையையும் முக்கித் தாளையும் தரையையும் ஒருவழி பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள்.

"தொடு கண்ணு, ஒண்ணும் ஆகாது," என்றாள் பக்கத்தில் நின்ற அம்மா.

"மாமா திட்டுவாங்க." மோவாயால் அவரைத்தான் காட்டினாள்.

காவலருக்குச் சுருக்கென்றது. காலையில் கூடத்துக் கல்சிங்கத்தை அவள் தடவப் போனபோது அதட்டியவர் அவரேதான்.

"அது சிங்கத்துக்கு, பாப்பா. இது வேற டிபார்ட்மென்ட்."

விளக்கம் எடுபடவில்லை. யோசித்துவிட்டுத் தன் விரல்களையே நீலத்தில் முக்கித் தாளில் பதித்தார்.

"உங்கள யாரும் திட்டலையா?"

"டீச்சர் இன்னும் பாக்கல."

அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு கை மெதுவாக வெளியே வந்து சிவப்பில் இறங்கியது. தாளை அவள் சட்டை செய்யவில்லை. அந்த அறையிலேயே இன்னும் வெள்ளையாக இருந்த அவர் சட்டையில், தொப்பைமேல் பளிச்சென்று பதித்தாள்.

"ஐயையோ, சார்..." என்று பதறினாள் அம்மா.

"இருக்கட்டும்மா," என்று அடுத்த கைக்கும் தொப்பையைத் தள்ளிக் கொடுத்தார்.

மதியம் மேலதிகாரி, "என்னய்யா இது?" என்று சட்டையை நோக்கி விரலை நீட்டினார்.

காவலர் ஓரடி பின்வாங்கினார். "தொடாதீங்க சார். இன்னும் காயல."