போஸ் கொடுக்காத லோர்னா

கேமராவைக் கண்டால் போதும், லோர்னாவின் முகம் பாஸ்போர்ட் படத்து முகமாகிவிடும். உதடு இறுகும், கழுத்து விறைக்கும், கண் எங்கோ சுவரில் போய் நிற்கும். கல்யாணப் படத்தில்கூட அபராதம் கட்ட வந்தவள் மாதிரிதான் நிற்கிறாள். நிஜத்தில் அப்படியா? அவள் பால் கறக்கும் கொட்டகையில் சிரித்தால் பக்கத்துப் பண்ணை நாய் குரைக்கும். அந்தச் சிரிப்பை ஒரு தடவையாவது படத்தில் பிடித்து அவளுக்கே காட்டிவிட வேண்டும் என்று அவள் புருஷன் நெவில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மாடுகளை மகனிடம் ஒப்படைத்த கையோடு ஒரு கேமராவை வாங்கிக்கொண்டு, சொந்தப் பெண்டாட்டியைச் சுற்றித் திருடன் மாதிரிப் பதுங்கித் திரிந்தான்.

“துணிக்கொடிக்குப் பின்னாடி யாரு? உன் பூட்ஸ் தெரியுது மனுஷா,” என்பாள் லோர்னா. “என் மூஞ்சியில அப்படி என்னத்தக் கண்ட? போய் வேலிக் கம்பியக் கட்டு.”

“இருக்கு தாயே. உனக்குத்தான் தெரியல.”

கடைசியில் ஒருநாள் காலை சமையலறை ஜன்னல் வழியாக மாட்டினாள். நெற்றியில் மாவு, தலை பின்னால் சாய்ந்திருக்க, தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். சற்று முன்தான் அவன் கோழியைப் பற்றி ஒரு ஜோக் சொல்லியிருந்தான். அதற்குத்தான் சிரிக்கிறாள் என்று பூரித்துப்போனான். படத்தைப் பெரிதாக அச்சடித்து, அவளிடம் மூச்சுவிடாமல், ஊர்க் கண்காட்சியில் ‘போஸ் கொடுக்காத முகம்’ போட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

அதே கண்காட்சியில் லோர்னாவுக்கும் சொந்த அலுவல் இருந்தது. ஸ்பாஞ்ச் கேக் போட்டியில் வருஷா வருஷம் முதல் பரிசான நீல ரிப்பன் அவளுக்குத்தான். இரண்டாவது ரிப்பன் எப்போதும் பக்கத்துப் பண்ணை கிளெனிஸுக்கு. அந்த ரிப்பனுக்காக லோர்னா உயிரையே விடுவாள். மாவை அளப்பதிலிருந்து எல்லாம் சொந்தக் கையால் செய்ய வேண்டும், கடையில் விற்கும் பாக்கெட் கலவையைத் தொடவே கூடாது என்பது போட்டியின் சட்டம்.

கண்காட்சியன்று நெவில் போட்டிக் கொட்டகைக்குள் நுழைந்ததும் கால் தரையில் பாவவில்லை. லோர்னாவின் முகம் முதல் பரிசு நீல ரிப்பனோடு, கேக் மேசைக்கு நேர் எதிரே தொங்கியது. ஆசையாய் அருகே போனான். அப்போதுதான் கண்ணில் பட்டது. அவள் முழங்கைக்குப் பக்கத்தில், வாய் கிழிந்த பாக்கெட் ஒன்று. ‘ஸ்பாஞ்ச் கேக் கலவை’ என்ற எழுத்தைக் கண்ணாடி போடாமலே படிக்கலாம்.

கேக் நடுவர் இன்னும் வரவில்லை. படத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றான்.

“என்ன இது, தூணுக்கு முட்டுக் கொடுக்கற மாதிரி நிக்கற?” லோர்னா வந்துவிட்டாள். “நகரு.”

“வேணாம்மா. சொல்றதக் கேளு.”

அவள் கேட்கிற ஆளா? தள்ளிவிட்டுப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று.

“நான் இப்பவே கழட்டிடறேன்,” என்றான் நெவில். அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. “சத்தியமா அதைப் பாக்கல லோர்னா.”

“வீட்டுல இத எடுத்துப் பாக்கவே இல்லியா?”

“தினம் பாத்தேன். உன் மூஞ்சியத்தான் பாத்தேன்.”

லோர்னா நேரே கேக் மேசைக்குப் போனாள். தன் கேக்கைத் தட்டோடு தூக்கிக்கொண்டு திரும்பிவந்து, படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

“நான் எதுக்குச் சிரிச்சேன் தெரியுமா? இந்த வருஷம் மாதிரியே போன வருஷமும் பாக்கெட்டுதான். அந்த நடுவரம்மா ஒரு வாய் தின்னுட்டு, ‘இதான்யா கைப்பக்குவம்’னாங்க. அன்னிக்கு ஒத்திகைக்குப் பாக்கெட்டப் பிரிச்சதும் அது ஞாபகம் வந்துடுச்சு.”

“அப்போ என் கோழி ஜோக்கு?”

“எந்தக் கோழி?”

அதற்குள் கிளெனிஸ் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, படத்தில் மூக்கு இடிக்கும்படி குனிந்தாள். “லோர்னா, அது என்ன, பாக்கெட்டா?”

நெவில் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஆமா, பாக்கெட்டுதான். அதான் கேக்க எடுத்துட்டேன், ரிப்பன நீ வாங்கிக்க,” என்றாள் லோர்னா. “கொஞ்சம் தள்ளி நில்லு கிளெனிஸ், மூஞ்சி மறைக்குது. நான் இப்படி இருப்பேன்னு இன்னிக்குத்தான் எனக்கே தெரியும்.”