மாதிரிக் கையெழுத்து

தொலைபேசி இரண்டாவது முறை அடிப்பதற்குள் வீட்டுக்காரர் பாய்ந்து எடுத்துவிட்டார்.

"ஆமா, அமைச்சர் வீடுதான். அவங்க குளிச்சிட்டிருக்காங்க. எதுவானாலும் என்கிட்டயே சொல்லுங்க."

குளித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லப்பட்ட அமைச்சர், அவருக்குப் பக்கத்திலேயே நின்று அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"சுகாதாரமா? நெடுஞ்சாலைன்னுதானே பேச்சு?" வீட்டுக்காரரின் முகம் சுருங்கியது. "சரி சரி. பன்னெண்டு மணிக்குள்ள பதில் கடிதம் வந்துடும்."

அவள் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது.

அமைச்சரவை மாறப்போகிறது என்று ஒரு மாதமாக நாடே பேசிக்கொண்டிருந்தது. யார் உள்ளே, யார் வெளியே, யாருக்கு எந்த இலாகா என்று சலூனில்கூட இதே பேச்சு. இந்த வீட்டிலும் பேசினார்கள். பேசாதவள் அமைச்சர் ஒருத்திதான்.

வீட்டுக்காரர் இரண்டு தேர்தலில் மண்ணைக் கவ்வியவர். மூன்றாவது தேர்தலில் அந்தத் தொகுதியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பிரசவ வார்டில் பதினாறு வருஷம் நர்ஸாக இருந்த மனைவியை வேலையை விடச் சொல்லி நிற்க வைத்தார். 'நம்ம நர்ஸம்மா' என்று தாய்மார்கள் ஓட்டை அள்ளிக் கொட்டினார்கள். மாலையை அவர் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

பெண் என்பதால் பெண்கள் நலத்துறை கொடுத்தார்கள். வேறென்ன கொடுப்பார்கள்? அந்தப் பெண்கள் நலத்தை மூன்று வருஷமாகக் கட்டிக் காத்தவரும் வீட்டுக்காரர்தான். கோப்புகள் வீட்டுக்கு வரும், அவர் படிப்பார், அவள் பெயரைப் பச்சை மையில் கையெழுத்தாகப் போடுவார். பதவியேற்ற அன்று அரசுக்குத் தரவேண்டிய மாதிரிக் கையெழுத்தைக்கூட அவரே போட்டு அனுப்பினார். "உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. அமைச்சர்னா ஒரு கம்பீரம் வேணாமா?" என்றார். அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பொண்டாட்டிக்காகப் புருஷன் கையெழுத்துப் போட்டால் என்ன குடிமுழுகிப்போகிறது என்று நினைத்தார்கள், படித்த மடையர்கள்.

"எனக்குச் சுகாதாரமே போதுங்க," என்றாள்.

"ஆஸ்பத்திரி நாத்தம் இன்னும் விடலையா உன்னை? ரோடு காண்ட்ராக்டுக்கு என் தம்பி எத்தனை நாளா வாயப் பொளந்துட்டு நிக்கிறான்!"

"அந்த ஃபாரத்தை ஒழிக்கணும்."

"எந்த ஃபாரம்?"

நூறு தடவை சொல்லியிருக்கிறாள். பத்தொன்பது வயசுப் பெண். வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுக்கவேண்டும். பெண்ணுக்கு அறுவை சிகிச்சை என்றால் ஃபாரத்தில் கணவன் கையெழுத்து வேண்டும் என்பது விதி. "குடுங்கக்கா, நானே போடறேன்," என்று அந்தப் பெண் கையை நீட்டினாள். செல்லாது என்றார் டாக்டர். புருஷனைத் தேடிப் பிடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. சீட்டாட்டத்திலிருந்து எழுந்து வந்து அவன் கையெழுத்துப் போட்டபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஃபாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸ் இவள்தான். விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

வீட்டுக்காரர் கடிதம் எழுதி முடித்தார். உடல்நிலை சரியில்லாததால் சுகாதாரத் துறையை ஏற்க இயலவில்லை, நெடுஞ்சாலை தந்தால் மகிழ்வேன் என்று அவள் பெயரில் கையெழுத்தும் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். ஒரு தாளில் 'சுகாதாரத் துறையை ஏற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, வாசலில் நின்ற காரில் ஏறினாள்.

"ஐயா வரலீங்களா?" என்றார் டிரைவர்.

"அமைச்சர் வந்தாச்சு. வண்டிய எடுங்க."

பிரதமர் அலுவலகத்தில் பிரிவு அதிகாரி கடிதத்தை வாங்கி, ஒரு கோப்பைத் திறந்து வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், கையெழுத்து ஒத்துப்போகலையே."

"இதுதான் என் கையெழுத்து."

"உங்க கையெழுத்து இது மேடம்." கோப்பைத் திருப்பிக் காட்டினார். மாதிரிக் கையெழுத்து, கம்பீரமாக இருந்தது.

"நான்தான் ஆளே நேர்ல நிக்கிறேனே!"

"கோப்புக்குக் கையெழுத்துதான் மேடம் ஆளு." குரலைத் தாழ்த்தினார். "இதைப் பாத்து இதே மாதிரி போட்டுக் குடுத்துடுங்க. யாருக்குத் தெரியப்போகுது? பன்னெண்டுக்குப் பட்டியல் போயிடும்."

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. மேஜையைத் தட்டி உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம். உடைத்தால் இவள் பதவி போகும், சுகாதாரம் இன்னொருத்தருக்குப் போகும். அந்த ஃபாரம் மட்டும் எங்கும் போகாது. கையை நீட்டிய அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டாள்.

பேனாவை வாங்கினாள். வேண்டாத தாளில் நான்கு தடவை எழுதிப் பழகினாள். ஐந்தாவது, கடிதத்தில். தன் பெயரைத் திருட்டுத்தனமாகப் போட அவள் கை கூசியது.

அதிகாரி பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "இப்பதான் மேடம் உங்க கையெழுத்து."

வீட்டுக்காரர் வாடகைக் காரில் வந்து இறங்கியபோது பட்டியல் போய்விட்டிருந்தது.

பத்தாம் நாள் காலை, புதிய துறையின் முதல் அரசாணையைப் பிடித்துக்கொண்டு அவர் கூடத்துக்கு வந்தார்.

"யாரு போட்டது இது? நான் போடலையே! கள்ளக் கையெழுத்து!"

"ஆமாங்க," என்றாள். "போய்ப் புகார் குடுங்க. அப்போ எதுதான் நல்ல கையெழுத்துன்னு கேப்பாங்க. அதையும் நீங்களே சொல்லிடுங்க."

வீட்டுக்காரர் அதை மேஜையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் அதை எடுத்து இன்னொரு முறை படித்தாள். ஒரு பெண்ணின் அறுவை சிகிச்சைக்கு இனி அவள் கையெழுத்தே போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை என்று அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே, பச்சை மையில், அவள் கணவரின் கையெழுத்து இருந்தது.