ஹாவ்குல், கேட்கிறதா?

ஊர் மண்டபத்தில் ஓபரா போடப்போகிறோம், பழைய படகு ரேடியோ ஒன்று வேண்டும் என்று வில்டே கேட்டாள். ஆஸ்லோவிலிருந்து வந்த இசைக்காரி. ஓபரா என்றால் பேச வேண்டியதைத் தொண்டை கிழியப் பாடுவது. அந்தக் கூட்டத்தை நம்பி என் ரேடியோவை விட மனமில்லை. நானே தூக்கிக்கொண்டு போனேன்.

மேடையில் ஒருத்தி தனியாக நின்று பாடிக்கொண்டிருந்தாள். தனி ஆளாகப் பாடுவதற்கு ஆரியா என்று பெயராம். புயலில் மாட்டிய படகோட்டியின் மனைவி அவள். அடுப்படி ரேடியோவில் புருஷன் கூப்பிட்டதைத் திருப்பிப் பாடுகிறாள்.

"ஹாவ்குல், ஹாவ்குல், ஹாவ்குல், கேட்கிறதா?"

பிறகு மௌனம். மேளக்காரன் மரக்கட்டையில் 'டிக்' என்று ஒரு தட்டு. மறுபடி மௌனம்.

ரேடியோவைத் தரையில் வைத்துவிட்டேன். வைக்காவிட்டால் விழுந்திருக்கும்.

"இந்தப் பேர யாரும்மா குடுத்தா? அந்தப் படகு இதோ துறையில கட்டிக் கெடக்கு" என்று வில்டேயைக் கேட்டேன்.

"தெரியும் பெரியவரே. பேர மாத்தவே கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

ஹாவ்குல் ஆன்ஃபினின் படகு. மீன் ஆலையும் அவனுடையது. அந்தக் காலத்தில் எங்கள் கரையில் எல்லார் வீட்டு அடுப்படியிலும் படகு ரேடியோ இருந்தது. உருளைக்கிழங்கு வேகும்போதே யார் எங்கே வலை போடுகிறான் என்று கேட்டுக்கொண்டிருப்போம். எங்கள் ஊர்ப் படகோட்டி லெய்டுல்ஃப் மூழ்கிய அன்றும் கேட்டோம். பக்கத்தில் இருந்த ஒரே படகை மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பேசும் பொத்தானை யாரோ அமுக்கிய 'டிக்' கேட்டது. அப்புறம் மூக்கால் இழுத்து விட்ட ஒரு பெருமூச்சு. பேசுவதற்கு முன்னால் அப்படி மூச்சு விடுகிறவன் இந்தக் கரையிலேயே ஒருத்தன்தான். பதில் வரவில்லை. ஹாவ்குல் மட்டும் வயிறு நிறைய மீனோடு கரைக்கு வந்தது.

விசாரணையில் ஆன்ஃபின், ரேடியோ பழுது என்றான். ஊரில் பாதிப் பேருக்குச் சம்பளம் கொடுப்பவன். யாரும் வாய் திறக்கவில்லை.

மண்டபத்திலிருந்து நேரே லெய்டுல்ஃபின் மனைவி டோர்குன் வீட்டுக்குப் போனேன். வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம நீ மண்டபத்துக்குப் போகாத."

"ஏன், பாட்டு நல்லா இல்லையா?"

"டோர்குன், அந்தப் பொண்ணுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

"தெரியாம? நான்தானே சொன்னேன்."

தட்டை என் முன்னால் தள்ளினாள். "வாயப் பொளக்காத ஐலர்ட், வாஃபிளத் தின்னு. உன் வீட்டுல மட்டுந்தான் ரேடியோ இருந்துச்சா?"

அவள் மகன் சீவர்ட் ஆன்ஃபினிடம் வளர்ந்தவன் மாதிரிதான். சின்ன வயதில் அப்பாவின் கதையை அவள் சொன்னபோது, பையன் ஓடிப்போய் ஆன்ஃபினிடமே கேட்டானாம். அவன் ரேடியோ பழுது என்று சொல்லி, பையன் கையில் ஒரு புதுத் தூண்டிலையும் கொடுத்து அனுப்பினானாம்.

"அன்னிலேருந்து எனக்குத்தான் மூள கொழம்பிடுச்சுன்னு நெனைக்கிறான். திங்கக்கெழம பாதிப் படக அவன் பேருக்கு எழுதுறானாம் கெழவன். கையெழுத்துப் போடட்டும், வேணாங்கல. யாரு படகுன்னு தெரிஞ்சுட்டுப் போடட்டும்."

"பாட்டுதானேன்னு சொல்லிச் சிரிச்சிட்டுப் போயிடுவான்."

"போகட்டும். எங்கிட்ட வேற வழி இல்ல."

வாஃபிளைத் தின்று முடித்துவிட்டு எழுந்தேன்.

ஞாயிறு மதியத்திலேயே வானம் கறுத்துவிட்டது. நவம்பரில் எங்களுக்கு வெளிச்சம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காற்று மண்டபத்துக் கூரைத் தகட்டைப் பிடித்து ஆட்டியது. முதல் வரிசையில் ஆன்ஃபின், பக்கத்தில் சீவர்ட். பின் வரிசையில் நானும் டோர்குனும். கொஞ்ச நாளாகவே ஆன்ஃபின் கிழவனுக்கு நேற்று எது இன்று எது என்று பிடிபடவில்லை. எழுதி வைக்க அவன் அவசரப்பட்டதும் அதனால்தான்.

"சத்தமா இருந்தா சொல்லுங்க, வெளிய போயிடலாம்" என்று சீவர்ட் அவன் முழங்காலில் போர்வையை இழுத்துவிட்டான்.

"போடா. உங்கப்பனுக்காகப் போடுறது. இருந்து பாக்கணும்."

டோர்குன் கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

ஆரியா வந்தது. மேடையில் என் ரேடியோ, ஒரு மேசை, அந்தப் பெண். வேறு ஒன்றும் இல்லை. முதலில் மெல்லத்தான் பாடினாள். படகின் பெயரை முதல் முறை கூப்பிட்டதும் எனக்கு முன்னால் இருந்த கழுத்துகளெல்லாம் விறைத்தன. ஊருக்கே தெரிந்த பெயர். இரண்டாவது முறை கூப்பிட்டபோது சீவர்ட் தாயைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் கோபம். இங்கேயுமா அம்மா என்கிற மாதிரி. டோர்குன் கண்ணை விலக்கவில்லை.

"ஹாவ்குல், கேட்கிறதா?"

மௌனம். மேளக்காரன் தட்டினான். டிக்.

ஆன்ஃபினின் வலது கை போர்வையிலிருந்து மேலே வந்தது. வாய்க்கு நேராக முஷ்டி, பொத்தானை அமுக்குகிற மாதிரி கட்டைவிரல். வாழ்நாள் முழுக்கப் படகு ஓட்டியவனின் கை அது. மூக்கால் இழுத்து ஒரு பெருமூச்சு விட்டான். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஹாவ்குல் இங்க. கேக்குது லெய்டுல்ஃப். நல்லாக் கேக்குது."

பாடகி திறந்த வாயோடு நின்றாள். அந்த இடத்தில் பதில் வராது என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சீவர்ட் தாயை விட்டுக் கிழவன் பக்கம் திரும்பினான். அந்த முஷ்டியையே பார்த்தான்.

"அப்போ, ரேடியோ வேல செஞ்சுதா?" சின்னப் பையன் கேட்கிற குரல்.

ஆன்ஃபின் கையை இறக்கப் பார்த்தான். முடியவில்லை. சீவர்ட் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். வாத்தியங்கள் மறுபடி தொடங்கின. பாடகி மீதிப் பாட்டைப் பாடினாள். அது முடிகிறவரை சீவர்ட் பிடியைத் தளர்த்தவில்லை. விளக்குகள் எரிந்து, பக்கத்து நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியான பிறகும்.