யு.பி. நினைவுகள், இரண்டு பக்கத்துக்கு மிகாமல்

...அதிலும் அந்தத் தொண்டையைச் செருமிக்கொள்வது இருக்கிறதே, அதற்கே தனியாக ஒரு கிரேடு கொடுக்கலாம் என்று ரேஷ்மி நினைத்தாள், ஆதிரா கரும்பலகைக்கு முன்னால் போய் நின்று, தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, ஜன்னலில் தெரிந்த தென்னையை ஒரு பார்வை பார்த்து, செருமி... யாருக்காக இந்தச் செருமல், சட்டசபையிலா பேசப் போகிறாள், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் நாற்பத்தோரு பேர், பாதிப் பேர் மத்தியானச் சோற்றை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், மீதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு எழுபத்தைந்து வயது ஆகிறதாம், அதற்கு விழாவாம், விழாவுக்கு ஒரு மலராம், மலரில் போட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், ஐந்திலிருந்து ஏழு வரை தாங்கள் இங்கே அப்பர் பிரைமரியில் படித்த யு.பி. காலத்தைத் திரும்பிப் பார்த்து எழுத வேண்டுமாம், இரண்டு பக்கத்துக்கு மிகாமல். திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது, யு.பி. கட்டடம் மைதானத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறது, கழுத்தைத் திருப்பினால் போதும், அங்கே இப்போதும் யாரோ யாரையோ டீச்சரிடம் மாட்டிவிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனாலும் பதினாலு வயசுக்காரர்கள் எல்லாரும் பென்ஷன் வாங்குகிறவர்கள் மாதிரி எழுதித் தள்ளியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் இரண்டு தடவை குழாயை உடைத்த சுனில், 'அந்தப் பொற்காலம் இனி வருமோ' என்று முடித்திருந்தான், ஷீஜா டீச்சர் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், குழாய்க்கு அன்று அபராதம் வாங்கியதும் இதே டீச்சர்தான்.

நாற்பத்தோரு பேரைக் கழித்துக் கழித்துக் கடைசியில் நிற்பது இரண்டு பேர். ஆதிரா, அப்புறம் ரேஷ்மி. இந்தச் சுற்றுக்கென்று புதிதாக எழுதி வந்ததை இருவரும் வாசித்த பிறகு வகுப்பு கை தூக்கும், ஜெயித்தவள் எழுதியது மலரில் முதல் பக்கம், விழா மேடையில் வாசிப்பு, அமைச்சருக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஆசனம். அமைச்சர் வருவது இன்னும் உறுதியாகவில்லை, நாற்காலி மட்டும் உறுதியாகிவிட்டது. ரேஷ்மியின் அப்பா, சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கெழுதும் ஆறுமுகநயினார், அதற்குள் பாதித் தெருவுக்குச் சொல்லி முடித்திருந்தார், “எம் மவ மந்திரி பக்கத்துல இருக்கப் போறா கேட்டேளா” என்று, நடுவில் இருக்கிற இரண்டு நாற்காலிகளையும் அவரே தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு. ஆக, இன்றைக்குத் தோற்றால் வீட்டுக்கு மட்டும் பதில் சொன்னால் போதாது, கொத்தமல்லி மூட்டைக்கும் வற்றல் மூட்டைக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

ஆதிரா வாசிக்க ஆரம்பித்திருந்தாள், எல்லாரையும் போல மலையாளத்தில். ஐந்தாம் வகுப்பின் முதல் நாள், மழை, நனைந்த புத்தகப்பை... சரி, சரி, எல்லாருக்கும்தான் மழை பெய்தது. அன்றைக்கு எல்லாருடைய ரிப்பனும் செத்த ஓணான் மாதிரித் தொங்கியபோது இவளுடையது மட்டும் எப்படி நிமிர்ந்து நின்றது, அதை எழுத மாட்டாள், ஏனென்றால் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அப்பா வாசல் வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டார் என்று சொல்ல வேண்டிவரும். ரேஷ்மிக்கு ஞாபகம் இருக்கிறது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது, கார் வெள்ளை, பென்சில் பெட்டிக்கு இரண்டு மாடி, மேல்மாடியில் அழிப்பான், வரைபடப் போட்டியில் இவளுக்கு முதலிடம், ஓணப் பூக்களக் கோலத்தில் நடுவட்டம் இவளுக்கு, ஒரு தடவை காய்ச்சலில் பத்து நாள் வராதிருந்தாள், அந்தப் பத்து நாளும் டீச்சர்மார் ரேஷ்மியிடம்தான் வந்து “ஆதிராவுக்கு எப்படி இருக்கு” என்று கேட்டார்கள், பக்கத்து பெஞ்சு என்பதால். காய்ச்சல்கூட அவளுக்கு மரியாதையோடு வந்து போயிற்று.

வாசிப்பு இப்போது ஆறாம் வகுப்புக்கு வந்திருந்தது. வருமா, அது வருமா... கலோத்ஸவம், பள்ளிக்கூடங்களுக்கான அந்தக் கலைவிழா, என்ற சொல் வந்தது. தமிழ்ப் பாட்டுப் போட்டி என்ற சொல்லும் வந்துவிட்டது. அவ்வளவுதான், இன்றைக்கு எல்லாம் முடிந்தது. மூன்று வருஷமாக இந்த வகுப்பில் இரண்டே பேருக்குத் தெரிந்த ஒரு விஷயம், இனி நாற்பத்தோரு பேருக்கு, விழாவில் மைக் வைத்து ஊருக்கே.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து தமிழ்ப் பாட்டை மனப்பாடமாகச் சொல்ல ஒரு பிள்ளையை உபஜில்லா, அதாவது வட்டாரப் போட்டிக்கு அனுப்ப வேண்டும், தமிழ் என்றதும் ஷீஜா டீச்சர் ரேஷ்மியைத்தான் பார்த்தார், மீன் என்றதும் கடலைப் பார்க்கிற மாதிரி. ஆதிராவும் கை தூக்கினாள், மலையாளத்துப் பெண் தமிழ்ப் பாட்டுக்கு ஏன் கை தூக்க வேண்டும், ஆனால் அவள் எதற்குத்தான் தூக்கவில்லை. வீட்டில் ரேஷ்மியின் அப்பா சிரித்தார். “நம்ம பாஷைய நமக்கு எவன் மக்களே படிப்பிக்கணும்? வாயத் தொறந்தா விழும்லா” என்றார், மலையாளப் பத்திரிகை மாத்ருபூமியை மடித்து வைத்துவிட்டு. பழைய புத்தகம் ஒன்றிலிருந்து மழையைப் பற்றிய ஒரு பாட்டை முத்து முத்தாகத் தாளில் எழுதியும் கொடுத்தார். அழகான கையெழுத்து என்று எல்லாரும் சொல்வார்கள், ரேஷ்மிக்கு அது அழகாகத்தான் தெரிந்தது, கோலம் அழகாகத் தெரிகிற மாதிரி. தமிழ் எழுத்து அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அப்பாவுக்கு அது தெரியாது, எப்படித் தெரியும், வீட்டில் எல்லாரும் தமிழில்தானே சண்டை போடுகிறார்கள், சண்டைக்கு எழுத்து எதற்கு. அம்மைக்குத் தெரியும். அம்மை அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டே வரி வரியாகச் சொல்ல, ரேஷ்மி அதை மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டு நெட்டுருப் போட்டாள். “ஒங்க அப்பாட்ட சொல்லிராதட்டீ, சோறு எறங்காது அவுகளுக்கு” என்றாள் அம்மை.

இருவரில் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க நடுவராக வந்தவர் தம்பானூரில் ஏதோ லாட்ஜில் மேனேஜர், சொந்தச் செலவில் கவிஞர், தோளில் தனக்குத் தானே போர்த்திக்கொண்ட சால்வையோடு வந்திருந்தார். சயன்ஸ் எடுக்கிற பணிக்கர் சாரின் லாபில் அவரும் இரண்டு பெண்களும் மட்டும், கூடவே கண்ணாடிப் புட்டிக்குள் ஒரு தவளை. இரண்டு பேரும் நன்றாகவே சொன்னார்கள். கவிஞர் தாடையைத் தடவினார், பிறகு அப்பா எழுதிய அந்தத் தாளை ரேஷ்மி கையில் கொடுத்து, “நீ தமிழ்க் குட்டிதானே, எங்கே, ரெண்டாவது பக்கத்துல நாலாவது வரியை மட்டும் வாசி பாக்கலாம்” என்றார். ரேஷ்மி தாளைப் பார்த்தாள். தாள் ரேஷ்மியைப் பார்த்தது. நாலாவது வரி எது, மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டினால்தானே வரும், ஓட்டினாள், ஓடியது, எங்கே நிறுத்துவது... தைரியமாக ஒரு வரியைச் சொன்னாள். “அது முதல் பக்கம்லா அம்மா” என்றார் அவர். பக்கத்தில் நின்ற ஆதிரா தாளை வாங்கினாள், விரலை வைத்து, எழுத்து எழுத்தாக, ஒன்றாம் வகுப்புக் குழந்தை மாதிரித் திக்கித் திக்கி, சரியான வரியை வாசித்தாள். மூன்று வாரமாகக் கற்றுக்கொண்டாளாம். போட்டிக்காகவாம். யாரும் சொல்லாமலேயாம்.

வீட்டில் போய் என்ன சொல்வது? நடுவரின் லாட்ஜில்தான் ஆதிராவின் அப்பா கம்பெனி விருந்தாளிகளை எல்லாம் தங்கவைக்கிறார் என்று சொன்னாள். எப்படி அப்படி ஒன்று வாயில் வந்தது என்று இன்றுவரைக்கும் தெரியாது, அப்பா சொன்ன மாதிரி வாயைத் திறந்ததும் விழுந்தது. ஆறுமுகநயினார் கொதித்துப் போனார். தமிழுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்து, சாலைக் கடைத்தெருவில் மூன்று கடைக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி, ஹெட்மாஸ்டருக்கு ஒரு நீளமான மனு கொடுத்தார். ஹெட்மாஸ்டருக்குப் புரிய வேண்டுமே என்று மலையாளத்தில்.

ஆதிரா ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். ரேஷ்மி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆதிரா வாசித்தாள்: அன்றைக்கு எனக்குத் தொண்டை சரியில்லை, ரேஷ்மிதான் என்னைவிட நன்றாகச் சொன்னாள், நடுவர் என்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார் என்று இன்றும் எனக்குத் தெரியாது, உபஜில்லாவில் எனக்கு பி கிரேடுதான் கிடைத்தது, அவள் போயிருந்தால் ஏ வாங்கியிருப்பாள். பிறகு கட்டுரை பள்ளிக்கூடத்து மதியக் கஞ்சிக்கும் பயறுக்கும் போய்விட்டது, அவ்வளவுதான், தமிழ்ப் பாட்டுக்கு நாலே வரி.

வகுப்பு மொத்தமும் ரேஷ்மியைத் திரும்பிப் பார்த்தது. “எடீ, நின்னெ அவள் ஸ்டாராக்கியல்லோ” என்றான் பின்னாலிருந்து சுனில். ஷீஜா டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “ஆதிராவைக் கண்டு படிக்கணும் குட்டிகளே, இதாணு மனசு” என்றார், துடைத்துக்கொண்டே. ரேஷ்மி சிரித்தாள், சிரிக்காமல் என்ன செய்வது, உள்ளே என்னவோ எரிந்தது. பயந்தது நடக்கவில்லை, அதற்குச் சந்தோஷம் அல்லவா வர வேண்டும்? கார் அவளுக்கு, ரிப்பன் அவளுக்கு, தமிழ் எழுத்தும் அவளுக்கு, சரி, போகட்டும், மனசுமா அவளுக்கு? விட்டுக்கொடுக்கிற பெருமையையாவது மற்றவர்களுக்கு மிச்சம் வைக்கக் கூடாதா? தன் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். அதில் ஆறாம் வகுப்புப் பத்தியில் அவள் எழுதியிருந்தது: 'முடிவு வந்ததும் நான்தான் முதலில் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். யாருக்கு யார் வேண்டியவர் என்பதை ஆராய்வது என் சுபாவம் அல்ல.' நேற்று ராத்திரி எழுதும்போது எவ்வளவு பெருந்தன்மையாக இருந்தது, நாலு தடவை வாசித்து நாலு தடவையும் தன்னையே மெச்சிக்கொண்டாளே. இப்போது அந்த வரி ஊசிப்போன சாம்பார் மாதிரி இருந்தது.

“இனி ரேஷ்மி. வேகம் வா மோளே, பெல்லடிக்கும்.”

எழுந்து போனாள். தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள், செருமல் தானாகவே வந்துவிட்டது. அந்தப் பத்தியை விட்டுவிட்டு வாசிக்கலாம், ஆனால் அதை விட்டால் மிச்சம் என்ன, ஐந்தாம் வகுப்பு, ஆதிரா, பூக்களம், ஆதிரா, காய்ச்சல், ஆதிரா... இரண்டு பக்கத்துக்கு மிகாமல் அவள்தான். அப்படியே வாசித்தாலும் யார் பொய் என்று சொல்லப் போகிறார்கள், தெரிந்தவள் ஒருத்திதான், அவளும் கை தட்டுவாள். அவள் ஒரே ஒரு தடவை எழுந்து நின்று, இல்லை, இவளுக்கு அன்று வாசிக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும், நிம்மதியாக வெறுக்கலாம். ஏன் சொல்லவில்லை, பரிதாபமா? மூன்று வருஷமாக, தினமும், பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பரிதாபப்பட்டுக்கொண்டு... இல்லை, அப்படி இல்லையென்றால், அவள் எழுதியது முழுக்க உண்மையோ, தொண்டை கட்டியது மட்டும்தான் அவளுக்கு ஞாபகமோ, அந்தத் தாளும் நாலாவது வரியும் தவளையும் எல்லாம் எப்போதோ மறந்தே போய்விட்டதோ? ரேஷ்மி தாளுக்கு மேலே கண்ணை உயர்த்தி ஆதிராவின் முகத்தில் தேடினாள், இரண்டில் எது என்று. ஆதிரா மேசைக்கு அடியில் டிபன் பாத்திரத்தின் மூடியை ஓசைப்படாமல் கழற்றி, இன்றைக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.