ஏற்கெனவே பதிவானவர்

ஐந்தாவது தடவையும் லேப்டாப் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபைசல் ஜமாஅத் பதிவேட்டுப் பக்கத்தில் அத்தாவின் பெயரை அடித்தான், குடும்ப எண் நூற்றுப் பதினேழு என்று போட்டான், ‘மவுத்து பதிவு’ என்ற பொத்தானை அழுத்தினான். சிவப்புப் பட்டை ஒன்று குறுக்கே வந்து விழுந்தது: ‘இந்த உறுப்பினர் ஏற்கெனவே மரணமடைந்தவர்.’

கதவுக்கு அந்தப் பக்கம் கூடத்தில் அத்தாவைக் கிடத்தியிருந்தார்கள். அவனைப் பெற்ற ஹபீப் முஹம்மது இறந்து ஐந்து மணி நேரம்தான் ஆகியிருந்தது. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து டீ குடித்தவர், கடைச் சாவியை எடுக்கக் குனிந்தார், நிமிரவில்லை. உப்பளத்து ஆட்களுக்கு ரப்பர் பூட்ஸும் கையுறையும் விற்கும் கடை. செய்தி கேட்டு உப்பளத்திலிருந்து நேரே வந்த வேலம்மாள், பூட்ஸைக் கழற்றி கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றாள்.

“என்னா தம்பி, நம்பர் வந்துச்சா?” ஜமாஅத் செயலாளர் முஹ்சின் பாய் அறைக்குள் எட்டிப் பார்த்தார். “கபருஸ்தான்ல குழி வெட்ட அப்பாவு கடப்பாரையோட உக்காந்துனு இருக்கான். மத்தியானம் லுஹருக்கு அடக்கம்னு சொல்லியாச்சு.”

“சர்வர் கொஞ்சம் ஸ்லோ பாய்.”

சர்வர் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. அதுதான் சிக்கலே.

பதிவு எண் இல்லாமல் குழி வெட்டக்கூடாது என்பது ஃபைசல் போட்ட சட்டம். துபாயில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவுகளை ஒழுங்குபடுத்தியவன் அவன். பிறகு ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டிகளை, அப்புறம் சென்னையில் ஒரு வக்கீல் ஆபீஸில் கேஸ் கட்டுகளை. “துறை எதுவானாலும் டேட்டா டேட்டாதான்” என்பான். கல்யாண வீட்டில் பிரியாணிக்குக் காத்திருக்கும்போதும் சொல்வான். பக்கத்தில் இருப்பவர் பசியில் தலையாட்டுவார், அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வான். அப்படிப்பட்டவன் ஊருக்குத் திரும்பியதும் ஜமாஅத்தைச் சும்மா விடுவானா?

இரண்டு வருஷம் முன்பு விழா எடுத்தார்கள். உப்புக்காற்றில் நைந்துபோன பழைய பதிவேட்டை மேடையில் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான், செத்த எலியைத் தூக்குவதுபோல. பிறகு பெரிய திரையில் ஒவ்வொன்றாக விளக்கினான். நிக்காஹ் முடிந்தது, பிறப்பு முடிந்தது, மவுத்து வந்தது.

“சாம்பிளுக்கு ஒரு மெம்பர் வேணும். சும்மா போட்டுக் காட்டிட்டு எடுத்துடுவேன்.”

மண்டபத்தில் இருந்த ஆண்கள் எல்லாருக்கும் திடீரென்று மின்விசிறியின் மேல் அக்கறை வந்துவிட்டது. கடைசி வரிசையிலிருந்து அத்தா எழுந்தார்.

“என்னையே போட்டுக்கப்பா. ஒரு நிமிஷந்தானே?”

போட்டான். திரையில் அத்தாவின் வண்ணப் படம் கறுப்பு வெள்ளையானது. அந்தத் துல்லியத்துக்குக் கைதட்டல் விழுந்தது. தலைவர் பொன்னாடை போர்த்தினார், போட்டோ எடுத்தார்கள், டீ வந்தது.

இப்போது சிவப்புப் பட்டைக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘மரணமடைந்த நாள்’ என்று இருந்தது. அது அந்த விழா நாள்.

ஃபைசலுக்குக் காது சுட்டது. “பாய், கொஞ்சம் கதவைச் சாத்துங்க.”

முஹ்சின் பாய் திரையைப் பார்த்தார். அதிர்ச்சி எதுவும் இல்லை. தொப்பியைக் கழற்றி, மடித்து, மறுபடி விரித்தார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“மொத நோன்புலயே தெரிஞ்சிடுச்சி தம்பி. உங்க அத்தா பள்ளிவாசல் கஞ்சிக்கு வந்தாரு. நீங்க குடுத்த கார்டைக் காட்டுனா செகப்பு. தொடைச்சிட்டுக் காட்டுனோம், அப்பவும் செகப்பு.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேனே. ஒருத்தரு கார்டு செகப்பு காட்டுதுன்னேன். சிஸ்டம் தப்பு பண்ணாது பாய், ஆளுங்கதான் பண்ணுவாங்கன்னு அரைமணி நேரம் க்ளாஸ் எடுத்தீங்க. பேரைச் சொல்றதுக்குள்ள உங்களுக்கு ஃபோன் வந்துடுச்சி.” பாய் குரலைத் தாழ்த்தினார். “மறுநாள் சொல்லக் கெளம்பினேன். ஹபீப் பாய் வந்து கையப் புடிச்சிக்கிட்டாரு. ‘வேணாம் முஹ்சினு. இப்பதான் புள்ளைக்கு ஊர்ல ஒரு பேரு வந்திருக்கு. அத்தாவையே சாவடிச்சிட்டான்னு சிரிப்பானுங்க’ன்னாரு.”

“அப்ப கஞ்சி?”

“கடைசியா நிப்பாரு. எல்லாரும் வாங்கினு போனப்புறம் அண்டாவுல அடியில இருக்கறத ஊத்துவேன். ரெண்டு வருஷ நோன்பும் அப்படித்தான்.”

போன நோன்பில் ஒரு சாயங்காலம். நோன்பு திறக்கும் மஃரிபுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அத்தா தூக்குப் பாத்திரத்தோடு மூச்சிரைக்க வந்தார். ஃபைசல் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: “கஞ்சி வாங்கக்கூட ஒரு டைமிங் இல்லையா அத்தா? க்யூவுல நிக்கக்கூடாதுன்னுதானே கார்டே குடுத்தேன்?” அத்தா சிரித்தார். “கூட்டம்பா” என்றார். கஞ்சியில் அடிப்பிடித்த வாசம் அடிப்பதாகவும் அவன் குறை சொன்னான். தங்கை ஹஸ்னா எதையோ எடுப்பதுபோல சமையலறைக்குள் போனாள். போனவள் பாங்கு சொல்லியும் வரவில்லை.

இப்போது அதே ஹஸ்னா கதவைத் திறந்தாள். “அண்ணே, குளிப்பாட்ட வந்துட்டாங்க” என்றவள் திரையைப் பார்த்துவிட்டாள்.

“உனக்கும் தெரியுமா?”

அவள் துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் போனாள்.

ஃபைசல் முஹ்சின் பாயின் கையைப் பிடித்தான். “பாய், நம்பர் அப்புறம் போட்டுக்கலாம். அப்பாவுகிட்ட குழி வெட்டச் சொல்லிடுங்க.”

“சொல்லலாம் தம்பி.” பாய் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே ஷாமியானாவுக்குக் கீழே நிஷாத் உட்கார்ந்திருந்தான். “போன மாசம் அந்த நிஷாத்தோட அம்மா மவுத்தானப்போ, மய்யித்த நம்பர் இல்லன்னு ரெண்டு மணி நேரம் வெயில்ல வெச்சிருந்தோம். ஆதார் எண்ணு ஒண்ணு மாறிப்போச்சின்னு. ரூல் ரூல்தான்னு நீங்கதான் வாசல்ல நின்னீங்க. இன்னிக்கு உங்க அத்தாவுக்கு மட்டும் விட்டா, அவன் ஒண்ணும் கேக்கமாட்டான். கேக்காம உக்காந்திருப்பான். அதான் எனக்கு பயமா இருக்கு.”

ஃபைசல் கையை விட்டான்.

“மொதல்ல உயிரோட இருக்காருன்னு மாத்தணும். அப்புறம்தான் மவுத்து போட முடியும்” என்றான். 

“நீங்கதான் மாத்தணும். எங்களுக்குப் பாஸ்வேர்டு ஏது?”

பாஸ்வேர்டைப் போட்டான். ‘மரணப் பதிவை ரத்து செய்ய’ என்ற இடத்தில் கணினி காரணம் கேட்டது. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம். அதைக் கட்டாயமாக்கியதும் அவன்தான். பட்டியல் விரிந்தது. உறுப்பினரின் தவறு. குடும்பத்தினரின் தவறு. பதிவாளரின் தவறு. இணையக் கோளாறு. நிர்வாகியின் தவறு என்று ஒன்றை அவன் வைக்கவில்லை. வைக்கத் தோன்றவில்லை. ‘மற்றவை’ என்பதைத் தொட்டு, திறந்த கட்டத்தில் ‘மறந்துவிட்டேன்’ என்று அடித்தான். குறைந்தது பதினைந்து எழுத்து வேண்டும் என்றது கணினி. ‘நான்தான் மறந்துவிட்டேன் அத்தா’ என்று அடித்தான். ஏற்றுக்கொண்டது.

திரை பச்சையானது. அத்தாவின் படத்துக்கு நிறம் திரும்பியது. நீலச் சட்டை, மருதாணி பூசிய தாடி. பெயருக்குப் பக்கத்தில் ‘உயிருடன்’ என்று வந்தது.

பின்னால் சுவரில் டிங் என்று ஒரு சத்தம்.

ஆணியில் அத்தாவின் வெள்ளைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பாக்கெட்டிலிருந்துதான் வந்தது. அது என்ன செய்தி என்று ஃபைசலுக்கு எடுத்துப் பார்க்காமலே தெரியும். அதையும் அவன்தான் எழுதியிருந்தான். ‘அஸ்ஸலாமு அலைக்கும் ஹபீப் முஹம்மது அவர்களே. உங்கள் அட்டை மீண்டும் செயல்படுகிறது. ஜமாஅத்துக்குத் தங்களை வரவேற்கிறோம்.’

கூடத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

“அடுத்ததைப் போட்டுடுங்க தம்பி” என்றார் முஹ்சின் பாய். “அப்பாவு காத்துனு இருக்கான்.”

“ஒரு நிமிஷம் பாய்.”

மெல்லிய துணிக்குள் ஃபோனின் வெளிச்சம் சதுரமாகத் தெரிந்தது. அது அணையும்வரை ஃபைசல் பார்த்துக்கொண்டிருந்தான்.