பட்டையனுக்குப் போட்ட தளை

பத்திநாதனைக் கார்மேகத்துக்குப் பிடிக்காது. அந்த ஆள் குறட்டை விட்டால் பிடிக்காது, விடாமல் கிடந்தால் அதுவும் பிடிக்காது. போர்ட்டாகேபின் என்கிற தகர அறையில் மேல்கட்டிலிலும் கீழ்க்கட்டிலிலுமாக நாலு வருஷம் இரண்டு பேரும் இந்த வெறுப்புக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தார்கள்.

அல் ஐனைத் தாண்டி ஓமான் எல்லைப் பக்கம் போகிற வழியில் இருந்தது அந்தப் பண்ணை. சுற்றிலும் ஆள் உயர வேலி. உள்ளே காரில் போனாலே அரைமணி நேரம் பிடிக்கும். ஒட்டகச்சிவிங்கி இரண்டு, நெருப்புக்கோழி முப்பது, நீளக்கொம்பு மான்கள், வரிக்குதிரைகள் என்று கண்ட கண்ட தேசத்து மிருகங்களை வாங்கி அந்த மணலில் இறக்கி விட்டிருந்தார் அர்பாப். முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சின்ன வயசு, லண்டனில் படித்தவர், அரபியும் இங்கிலீஷும்தான் தெரியும். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. கூண்டு கூடாது, கயிறு கூடாது, எல்லாம் காட்டில் திரிவதுபோல் திரிய வேண்டும். அதுகள் திரிந்தன. வேலைக்காரர்களின் பாஸ்போர்ட்டுதான் அர்பாபின் இரும்புப்பெட்டிக்குள் கிடந்தது.

கார்மேகத்துக்கு அரபியும் வராது, இங்கிலீஷும் வராது. அர்பாபிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானால் ஃபோர்மேன் பத்திநாதன் வாய் வழியாகத்தான் போக வேண்டும். என்ன கொடுமை பாருங்கள்! இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு என்று சொல்லித்தான் விசா கொடுத்தார்கள். இரண்டு தடவையும் பத்திநாதன் அர்பாபிடம் ஏதோ பேசிவிட்டு, "மாஃபி லீவுங்காருல, கெடயாதாம்" என்று திரும்பி வந்தான். கேட்டானா, வானிலை பேசிவிட்டு வந்தானா, யார் கண்டது?

கார்மேகம் விமானம் ஏறும்போது மனைவி பஞ்சவர்ணத்துக்கு ஐந்து மாதம். இப்போது பையனுக்கு மூன்றரை வயசு. போன வெள்ளிக்கிழமை போனில் மனைவி அவனைப் பேசச் சொன்னாள். "அப்பா வயலுக்குப் போயிருக்கு. நீங்க யாரு?" என்றான் பையன். வயலுக்குப் போயிருந்தது கார்மேகத்தின் தம்பி அன்பரசன். பஞ்சவர்ணம் போனைப் பிடுங்கி அழுதாள். கார்டில் காசு தீர்ந்து அதுவும் பாதியில் அறுந்துவிட்டது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஊருக்குப் போய் அந்தப் பயலைத் தூக்கி, 'நான்டா உன் அப்பன்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டால் போதும் என்று அவனுக்கு ஆகிப்போனது.

பிப்ரவரியில், வயிற்றில் குட்டியோடு வாங்கி வந்திருந்த பெட்டை வரிக்குதிரை ஈன்றது. பண்ணையிலேயே இருந்த ஆண் வரிக்குதிரைக்குக் கார்மேகம் வைத்த பேர் பட்டையன். அந்தச் சனியனுக்குக் குட்டியைக் கண்டாலே ஆகவில்லை. வேறு ஆணுக்குப் பிறந்த குட்டி என்பது அதற்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. முதல் நாளே பாய்ந்து போய்க் குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கி எறிந்தது. கார்மேகம் தகரத்தைத் தட்டிக் கூப்பாடு போட்டு விரட்டினான்.

"ஏல கழுதைக்காரா," என்றான் பத்திநாதன். சாயல்குடிப் பக்கம் உப்பளத்தில் கார்மேகத்தின் அப்பா கழுதை வைத்து மூட்டை அடித்தவர் என்று தெரிந்த நாளிலிருந்து அதுதான் பேர். "அர்பாபு சொல்லிட்டாரு. இந்தக் குட்டி பொழச்சா உனக்கு லீவு. செத்துச்சுன்னா நீ லீவப் பத்தியே பேசப்படாது."

"நெசமாவா அண்ணே?"

"நான் என்ன உங்கிட்ட வெளாடிட்டா இருக்கேன்?"

இரண்டு நாள் கார்மேகம் கம்பும் கையுமாகக் குட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினான். சோற்றுக்கு உட்கார்ந்தால் பட்டையன் வந்துவிடும். ஒண்ணுக்குப் போனால் வந்துவிடும். மூன்றாம் நாள் அவன் தொடையில் ஓர் உதை விட்டது. கால் ஊன்ற முடியவில்லை. "இரு, உன் கொழுப்ப அடக்குறேன்" என்று அவன் எழுந்து போய்ப் பழைய கயிற்றையும் கிழிந்த லுங்கியையும் எடுத்து வந்தான்.

கழுதை மேய்க்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். முன்னங்கால் இரண்டையும் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டிவிட்டால் கழுதை மேயும், தண்ணி குடிக்கும், குதித்துக் குதித்து நகரும்; ஓடாது. அதற்குப் பேர்தான் தளை. தீனித் தொட்டிக்கும் வேலிக்கும் நடுவில் குதிரைமசால் புல்லுக்கட்டைப் போட்டுப் பட்டையனை உள்ளே இழுத்து, சுருக்குப் போட்டு, கடிபட்டு, மிதிபட்டு ஒருவழியாகக் கட்டினான். கால் தேயாமலிருக்கக் கயிற்றில் லுங்கித் துணியைச் சுற்றினான். அப்பா செய்ததைப் பார்த்துப் பழகிய கை, முடிச்சுக் கச்சிதமாக விழுந்தது.

நாலு நாள் பொழுது சுகமாகப் போனது. பட்டையன் தூரத்தில் நின்று முறைத்துக்கொண்டே மேய்ந்தது. குட்டி தாய் மடியை முட்டிக் குடித்துத் துள்ளித் திரிந்தது. கார்மேகம் மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டான். பையனுக்கு ஒரு சைக்கிள், பஞ்சவர்ணத்துக்கு ஒரு சேலை. தளையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் பாய்ச்சி வளர்த்திருந்த புல் உயரமாக இருந்ததால் கண்ணில் படவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் காலையில் குட்டியைக் காட்டுவதற்காக அர்பாப் விருந்தாளிகளோடு வந்தார். மூன்று வண்டி. படம் எடுக்கிற குஷியில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நேரே பட்டையனை நோக்கிப் போனது. கழுதைக்குத் தளை பழகும். காட்டில் பிறந்த மிருகத்துக்கு அது எந்தக் காலத்தில் பழகும்? நாலுகால் பாய்ச்சலில் எகிறியது. முன்னங்கால் கயிற்றில் இழுபட, தலைகீழாகப் போய் மண்ணில் குத்தியது. கழுத்து முறிந்த சத்தம் கார்மேகம் நின்ற இடம் வரை கேட்டது.

அர்பாப் இறங்கி ஓடினார். காலில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். அப்புறம் அவர் போட்ட சத்தத்தில் நெருப்புக்கோழிகள் சிதறி ஓடின. கயிற்றைத் தூக்கிக் காட்டி அரபியில் என்னென்னவோ கேட்டார். கார்மேகம் இரண்டு எட்டு பின்னால் போனான். போச்சு, எல்லாம் போச்சு. ஜெயிலில் போடுவார்களோ, சாகிற வரை இங்கேயே வைத்து வேலை வாங்குவார்களோ!

அப்போதுதான் பத்திநாதன் முன்னால் வந்து, தன் நெஞ்சில் தானே அடித்துக்கொண்டு, "அனா, அர்பாப். அனா" என்றான்.

அனா என்றால் நான். அந்த ஒரு வார்த்தை கார்மேகத்துக்கும் தெரியும்.

அர்பாபின் கை பளாரென்று பத்திநாதன் கன்னத்தில் விழுந்தது. மூக்குக்கண்ணாடி தெறித்து மணலில் போய் விழுந்தது. பத்திநாதன் அதை எடுக்கக்கூட இல்லை; தலைகுனிந்து நின்றான். கார்மேகத்துக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. அட பாவி மனுஷா, உன்னையா நான் நாலு வருஷம் கரித்துக்கொட்டினேன்! பத்திநாதன் அறைக்குப் போன கொஞ்ச நேரத்தில் கார்மேகம் கண்ணாடியைப் பொறுக்கித் துடைத்து எடுத்துக்கொண்டு அங்கே ஓடினான்.

பத்திநாதன் பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தான். கன்னம் வீங்கியிருந்தது. சீட்டி அடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே," என்று கார்மேகம் அவன் காலைத் தொட்டான். "எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டீங்களே. என் தோலச் செருப்பாத் தச்சுப் போட்டாலும் தீராதுண்ணே."

"உனக்காகவா?" பத்திநாதன் சிரித்துவிட்டான். "ஏல கோட்டிக்காரா, அர்பாபு என்ன கேட்டாருன்னு நெனச்ச? கயித்தக் கட்டுனவன் எவன்? அவன் விசாவ இப்பமே கேன்சல் பண்ணு, இன்னைக்கே பிளைட்ல ஏத்து, எம் மூஞ்சியிலயே முழிக்கக்கூடாதுன்னாரு. ஒருத்தனுக்குத்தாம்ல டிக்கெட்டு. விடுவனா?"

கார்மேகத்துக்குப் புரிய நேரம் பிடித்தது.

"என் மவ அக்ஸா கல்யாணத்த நான் சிடியிலதாம்ல பாத்தேன்," என்றான் பத்திநாதன். குரல் மாறியிருந்தது. "ஆறு வருஷமா கேன்சல் பண்ணுங்க கேன்சல் பண்ணுங்கன்னு கேக்கேன். உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கான்னு தோளத் தட்டுவாரு. நீ தள போட்ட அன்னைக்கே பாத்துட்டேன். அவுத்துப் போடுலன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லல."

"குட்டி பொழச்சா லீவுன்னீங்களே?"

"அது நானாச் சொன்னது."

கார்மேகம் கண்ணாடியைச் சுவரில் அடித்தான். பத்திநாதன் சட்டையைப் பிடித்து உலுக்கி, "என்னையச் சொல்லியிருந்தா நான் போயிருப்பேனடா பாவி! எம் மகன் என்னைய யாருங்குறான்டா!" என்று கத்தினான். அப்புறம் உதறிவிட்டு, வலிக்கிற தொடையோடு வெளியே ஓடினான்.

அர்பாப் இன்னும் பட்டையனின் அருகிலேயே நின்றிருந்தார். கார்மேகம் அவர் முன்னால் போய் நெஞ்சில் குத்திக்கொண்டான். "அனா! அர்பாப், அனா!" செத்துக் கிடந்த பட்டையனைக் காட்டினான். மண்டியிட்டு, இரண்டு கையாலும் கயிறு சுற்றி முடிச்சுப் போட்டுக் காட்டினான். அர்பாபின் முகம் மாறியது. புரிந்துவிட்டது, புரிந்துவிட்டது என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

பின்னாலேயே பெட்டியோடு வந்த பத்திநாதனை அர்பாப் திரும்பிப் பார்த்தார். பத்திநாதன் பணிவாக, நிதானமாக அரபியில் நாலு வார்த்தை சொன்னான். அர்பாப் பத்திநாதனைப் பார்த்துக் காறித் துப்பினார். பிறகு கார்மேகத்தைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, முதுகில் தட்டிக்கொடுத்து ஏதோ சொன்னார்.

"என்னடா சொன்ன? என்னடா சொன்ன அவர்கிட்ட?"

"நான் மிரட்டிச் சொல்லித்தான் நீ கட்டுனன்னு சொன்னேன்," என்றான் பத்திநாதன். "குட்டியக் காப்பாத்துனது நீதானாம். இனி நீதான் ஃபோர்மேனாம். உன்ன மாதிரி ஆள அவரு விடவே மாட்டாராம்."

"அண்ணே, உங்க கால்ல விழுறேன்," என்றான் கார்மேகம். சட்டையைப் பிடித்த அதே கையைக் கூப்பினான். "லீவு வேணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்கண்ணே. ஒரு மாசம். ஒரு வார்த்தைண்ணே."

பத்திநாதன் பெட்டியைப் பிக்கப்பில் தூக்கிப் போட்டு ஏறி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். டிரைவர் வண்டியை எடுத்தான். வண்டி வேலியைத் தாண்டுகிற வரை கார்மேகம் கூப்பிய கையோடு பார்த்துக்கொண்டே நின்றான். அர்பாப் அவன் முகத்தைப் பார்த்து, என்ன வேண்டும் என்பதுபோல் அன்பாக ஏதோ கேட்டார். கார்மேகம் தமிழில் சொன்னான். அர்பாப் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.