சொன்னதைச் சொன்னபடி

செத்தவனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட ஒரு வெள்ளைத் துணி வேண்டும். றோசமலர் அந்த வீட்டு அலுமாரியைத் தலைகீழாகப் புரட்டிவிட்டாள். நீல விரிப்பு, பச்சைத் துவாய், ஆரோ விட்டுப்போன பூப்போட்ட திரைச்சீலை. வெள்ளை மட்டும் இல்லை. கடைசியில் தன்னுடைய வெள்ளை வேலைச் சட்டையின் நாடாவை இழுத்துப் பிய்த்தாள்.

கட்டிலில் கிடந்தவன் அவளுடைய தம்பி றோபேட். சண்டை முடிந்த கையோடு மன்னாரிலிருந்து இத்தாலிக்கு வந்து, வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவி, ஒருநாள் கோப்பைகளைப் போட்டுவிட்டுத் தெருவில் போய் இருந்தவன். அதற்குப் பிறகு அவனுடைய மனம் சரியாக எழும்பவேயில்லை. றோசமலர் சிஞ்ஞோரா என்று அவள் கூப்பிடும் ஒரு இத்தாலியக் கிழவியின் வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறவள். அங்கே அவளுக்கு ஒரு கட்டில் உண்டு, தம்பிக்கு இல்லை. கொமூனே என்கிற நகரசபை பார்த்து, பிரான்காச்சோப் பகுதியில் இந்த நாலாம் மாடி வீட்டில் அவனுக்கு இடம் கொடுத்தது. தனியே வாழ முடியாதவர்களுக்கான வீடு. பகலிலும் இரவிலும் உதவிக்கு ஆள் நிற்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

இன்று காலை வேலைக்கு வந்த சல்வோதான் குசினி நிலத்தில் அவனைக் கண்டான். வீட்டை நடத்தும் கூட்டுறவு அமைப்பின் பொறுப்பாளர் அவன். டொக்டர் வந்து இருதயம் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாளைக்குக் காலையில் கோயில், பிறகு அடக்கம்.

சல்வோ வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். அழுது கண் வீங்கியிருந்தது. பொய் அழுகை இல்லை. றோபேட்டுக்குச் சவரம் செய்துவிடுவதும் அவன்தான்.

"றோசா, கொமூனே அம்மா வரப்போறா. நான் மறிச்சுப் பாத்தன். செத்தவீடு எண்டாக் கட்டாயம் வரவேணுமாம்" என்றான். அவன் பேசியது இத்தாலியன். அவளுக்கு அது தமிழ் மாதிரியே விளங்கும்.

"வரட்டும்."

"இரவு ஆள் நிண்டது எண்டு சொல்லு. நித்திரையிலை சத்தம் கேக்கேல்லை எண்டு சொல்லு."

நாடாவை முடிந்துகொண்டிருந்த கை நின்றது. "ஆள் நிக்கேல்லையோ?"

இரவுக்காரி விட்டுவிட்டுப் போய்விட்டாள், புது ஆள் தேடுகிறோம், அடுத்த கிழமை எப்படியும் வந்துவிடும் என்று அவன் இழுத்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "உண்மை தெரிஞ்சா வீட்டைப் பூட்டுவினம். கிழவனை எங்கை கொண்டுபோவினமோ தெரியாது. யோசிச்சுப் பார்."

கிழவன் என்றது அருளையாவை. றோபேட்டின் அறைத்தோழர், மன்னார் பேசாலைக்காரர், ஒரு கால் இல்லை. சக்கரக் கதிரையைக் கட்டிலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, காலையிலிருந்து செபமாலையும் கையுமாக இருந்தார். பின்னேரம் இரண்டு பேருமாகச் செபமாலை சொல்லுவோமா என்று மட்டும் றோசமலரிடம் கேட்டிருந்தார். குரல் அடைத்துக் கிடந்தது. தடிமன் என்று அவள் நினைத்தாள்.

கொமூனே அம்மா இந்த வீட்டைப் பார்வையிட வரும் நாள்களில் எல்லாம் சல்வோ றோசமலரைக் கூப்பிடுவான். தம்பிக்கும் அருளையாவுக்கும் இத்தாலியன் வராது, அவள்தான் இடையில் நின்று சொல்வாள். சொல்வது என்ன சொல்வது! 'சோத்திலை ஒரு கல் உப்பில்லை எண்டு சொல்லு தங்கச்சி' என்பார் அருளையா. 'சாப்பாடு நல்ல ருசி என்கிறார்' என்பாள் இவள். குதிரைக்குப் பின்னாலும் அதிகாரிக்கு முன்னாலும் நிற்காதே என்பார்கள். நிற்கத்தான் வேண்டுமென்றால் எல்லாம் நல்லது என்று சொல்லிவிட வேண்டும். முகாமில் படித்த பாடம் அது, குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வாசலிலும் அவளைக் கைவிட்டதில்லை. கொடுத்த இடத்தைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு எலும்போடு ஊறியிருந்தது.

அந்த அம்மா வந்தா. மாடியேறின களைப்போடு, முதலில் கட்டிலடியில் நின்று சிலுவை போட்டா. றோசமலரின் கையைப் பிடித்தா. பிறகு நேரே அருளையாவுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

"இரவு என்ன நடந்தது எண்டு கேள்."

றோசமலர் கேட்டாள். அருளையா செபமாலையை மடியில் வைத்தார்.

"தண்ணி குடிக்க எழும்பிப் போனவன். விழுந்த சத்தம் கேட்டுது. 'அண்ணை, அண்ணை' எண்டு கூப்பிட்டவன், தங்கச்சி. கன நேரம் கூப்பிட்டவன். என்ரை கதிரை கைக்கு எட்டாமல் அந்தப் பக்கம். போன் பூட்டின அறைக்கை. நான் சுவரிலை அடிச்சன், கத்தினன். விடியுமட்டும் கத்தினன். ஒருதரும் வரேல்லை. அவன்ரை சத்தம் நிண்டாப் பிறகும் கத்தினன்."

தடிமன் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தம்பி கூப்பிட்டிருக்கிறான். இவள் அந்நேரம் சிஞ்ஞோராவின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்திருப்பாள்.

"என்ன சொல்லுறார்?" என்று அந்த அம்மா கேட்டா.

சல்வோ நிலத்தைப் பார்த்தான். றோசமலர் தமிழிலேயே அருளையாவின் பக்கம் குனிந்தாள்.

"அண்ணை, இதைச் சொன்னா உங்களை இஞ்சையிருந்து எடுத்துப்போடுவினம்."

"தெரியும்."

"எங்கை எண்டுகூடத் தெரியாது அண்ணை."

அவர் கட்டிலைக் காட்டினார். "நாளைக்கு இவனைத் தூக்கினோடனை இதிலை இன்னொருத்தனைக் கொண்டந்து போடுவாங்கள். அவனும் கூப்பிடுவான். எனக்கு இனிக் கத்தத் தொண்டையில்லை."

அவள் நிமிர்ந்தாள். அவர் சொன்னதைச் சொன்னபடி சொன்னாள். 'அண்ணை, அண்ணை' என்ற இடத்தில் மட்டும் அவளுக்கு இத்தாலியன் வரவில்லை. அதைத் தமிழிலேயே சொன்னாள்.

அந்த அம்மா ஒன்றும் எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தா. பிறகு எழும்பி வெளியே போய்த் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினா. சல்வோ குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான்.

எல்லாம் சட்டம் சொன்னபடிதான் நடந்தது. இரவில் ஆள் இல்லாத வீட்டில் ஒருவரை இன்னொரு இரவு விட ஏலாது. அடக்கம் முடியும்வரையாவது அவர் இருக்கட்டும் என்று றோசமலர் கெஞ்சிப் பார்த்தாள், இரவு தானே நிற்பதாகவும் சொன்னாள். அந்த அம்மா இரக்கத்தோடுதான் ஏலாது என்று தலையை ஆட்டினா. உதவிக்கு நிற்பதற்கு அனுமதி பெற்ற ஆளாக இருக்கவேண்டும், றோசமலர் செத்தவனின் சொந்தக்காரி மட்டுந்தான்.

பின்னேரம் இரண்டு பேர் வந்தார்கள். லிப்ட் வேலை செய்யாது. அருளையாவைக் கதிரையோடு தூக்கவேண்டியிருந்தது. அவர் றோபேட்டின் நெற்றியில் கையை வைத்து எடுத்தார். செத்தவீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. அதனால் அவர் ஒன்றும் சொல்லாமல் போனார். கதிரை படிக்குப் படி இடிபட்டு இறங்கும் சத்தம் கீழ்வாசல்மட்டும் கேட்டது. சல்வோ சாவியை மேசையில் வைத்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் போனான்.

கோயில் பங்குச் சனமெல்லாம் வேலையில். நாளைக்குக் கோயிலுக்கு வருவார்கள்.

றோசமலர் மெழுகுதிரியைக் கொளுத்தினாள். கட்டிலருகே ஒரு கதிரையைப் போட்டு இருந்து செபமாலையை எடுத்தாள். ஒவ்வொரு மந்திரத்துக்கும் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்வது வழக்கம். அவள் முன்பாதியைச் சொல்லி நிறுத்தினாள். மற்றக் கட்டிலில் விரிப்பை உருவியிருந்தார்கள், மெத்தை வெறுமனே கிடந்தது.

கொஞ்சம் பொறுத்து, பின்பாதியையும் அவளே சொன்னாள்.